ஆண்டேடும் ஆவணமும்: கிரிக்கெட் இதழாளர் எஸ். கே. குருநாதனின் பதிப்புப்பணி – ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ் இதழியல் வரலாறு பற்றிய ஆய்வுகள் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் பெருகியுள்ளன. விடுதலை இயக்க இதழ்கள், திராவிட இயக்க இதழ்கள், சிற்றிதழ்கள், பெண்கள் இதழ்கள் எனப் பகுத்து ஆராய்ந்த ஆய்வேடுகள் பல உள்ளன. ஆனால் நாளிதழ்களின் கடைசிப் பக்கத்தில் நாள்தோறும் இடம்பெறும் விளையாட்டெழுத்து ஆய்வாளர் கவனத்தை ஈர்க்கவில்லை. அதனை எழுதியோரின் பெயர்கள் இதழியல் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதும் அரிது. விளையாட்டெழுத்து இலக்கியமும் அன்று, அரசியலும் அன்று என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

சென்னையில் பணியாற்றிய கிரிக்கெட் இதழாளர் எஸ். கே. குருநாதனின் (1908–1966) வாழ்க்கைப்பணியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அவர் ‘தி இந்து’ நாளிதழின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர். ‘இந்தியன் கிரிக்கெட்’ என்னும் ஆண்டேட்டின் முதல் ஆசிரியரும் அவரே. அவர் எழுதியது ஆங்கிலத்தில். அவ்வாறாயின் தமிழாய்விதழ் ஒன்றில் அவரைப் பற்றிப் பேசுவானேன் என்னும் வினா எழும். தமிழ்நாட்டில், தமிழரிடையே நிகழ்ந்த ஒரு பண்பாட்டு நிகழ்வின் ஆவணம் ஏன் தமிழில் உருவாகவில்லை என்பதை அறிய, அது உருவான மொழியில் எவ்வாறு உருவானது என்பதை முதலில் அறிதல் வேண்டும் என்பதே அதற்கு விடையாகும்.

ஆட்டமும் எண்ணிக்கையும்: தமிழ் மரபு

விளையாட்டைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் கந்துகவரி இடம்பெறுகிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் பந்தாட்டம் பாடப்படுகிறது. இவை இரண்டிலும் ஆடுவோரின் அசைவும் அழகுமே பாடுபொருள். ஆட்டத்தின் முடிவு கவிஞர்க்குப் பொருட்டன்று.

கொங்குவேளிரின் பெருங்கதை இவற்றினின்று வேறுபடுகிறது. அதன் வத்தவ காண்டத்தில் ‘பந்தடி கண்டது’ என்னும் பகுதியில் மகளிர் ஒருவர்பின் ஒருவராக வந்து பந்தடிக்கின்றனர். ஒவ்வொருவரும் எத்தனை கை அடித்தனர் என்பது ஆயிரக்கணக்கில் எண்ணிச் சொல்லப்படுகிறது. இறுதியில் கோசலத்து இளவரசி மானனீகை மற்றவரை விஞ்சுகிறாள். இங்கு எண்ணிக்கையே கதையை நகர்த்துகிறது. யார் ஆடினார், எத்தனை அடித்தார், யாரை வென்றார் என்னும் மூன்று செய்திகளும் ஒழுங்காகக் கிடைக்கின்றன. இன்றைய ஆட்டக்கணக்கின் அடிப்படையும் இம்மூன்றே. சிதைந்த சுவடிகளிலிருந்து இந்நூலை 1924ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். பதிப்பு இல்லையெனில் அந்த எண்ணிக்கையும் நமக்குக் கிடைத்திராது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் காணப்படும் குறிப்புகளையும் இதனோடு இணைத்து நோக்கலாம். பாடினோர் யார், பாடப்பட்டோர் யார், திணை எது, துறை எது என்று அவை உரைக்கின்றன. அவற்றைத் தொகுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அக்குறிப்புகள் இன்றிச் சங்ககால வரலாற்றை எழுதுதல் இயலாது. பாடலைப் பாடியவர்க்குரிய புகழ் குறிப்பெழுதியவர்க்குக் கிடைப்பதில்லை. குருநாதனின் பணி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

காலமும் களமும்

குருநாதனின் பணி தொடங்கிய காலம் இந்தியக் கிரிக்கெட்டின் நிறுவன உருவாக்கக் காலமாகும். இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 1928இல் அமைந்தது. 1932 சூன் திங்களில் இலண்டன் லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது. 1934 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கம் முதன்முறையாக டெஸ்ட் போட்டியைக் கண்டது. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் சேப்பாக்கத்திலேயே நடைபெற்றது. சென்னையும் மைசூரும் மோதிய அவ்வாட்டம் ஒரே நாளில் முடிந்தது. அதில் ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இதற்கு முன்னரும் சென்னையில் கிரிக்கெட் வேரூன்றியிருந்தது. 1908இல் மறைந்த புச்சிபாபு நாயுடு இந்தியர்க்கெனக் கிரிக்கெட்டை வளர்த்தவர். பொங்கலையொட்டி ஐரோப்பியர்க்கும் இந்தியர்க்கும் இடையே நடைபெற்ற மாகாணப் போட்டி நகரத்தின் விழாவாகவே இருந்தது. அப்போட்டி இனவேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டது. பம்பாயில் நிகழ்ந்த போட்டிகளோ சமயத்தை அடிப்படையாகக் கொண்டவை. அங்கு 1912 முதல் நாற்கோணப் போட்டியும் 1937 முதல் ஐங்கோணப் போட்டியும் நடைபெற்றன. இந்துக்கள், இசுலாமியர், பார்சியர், ஐரோப்பியர், ஏனையோர் எனச் சமயவழிப் பிரிந்து அணிகள் ஆடின. 1940இல் காந்தியடிகள் இவ்வகைப் போட்டியை ஏற்கவில்லை எனத் தெரிவித்தார். 1946இல் அது முடிவுக்கு வந்தது.

‘இந்தியன் கிரிக்கெட்’ ஆண்டேடு 1946–47இல் சென்னைக் கஸ்தூரி அன் சன்ஸ் நிறுவனத்தாரால் தொடங்கப்பட்டது. இக்காலப் பொருத்தம் தற்செயலாக நேர்ந்ததாக இருக்கலாம். ஆயினும் அதன் விளைவு பெரிது. சமயவழி ஆட்டம் ஓய்ந்து, வட்டாரவழி ஆட்டமான ரஞ்சிக் கோப்பை முதன்மை பெறும் வேளையில் அதற்கான ஆவணமும் பிறந்தது. சென்னை, பம்பாய், ஹோல்கர், பரோடா, மைசூர் என இடப்பெயர்களின் கீழ் ஆட்டக்காரர்களை அடுக்கிய நூல், நாடு விடுதலை பெறும் தறுவாயில் வேறொரு வகைப்பாட்டை நிலைபெறச் செய்தது. அதன் ஆசிரியராகக் குருநாதன் 1966இல் மறையும் வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணியாற்றினார். ரஞ்சிக் கோப்பையின் முதல் 12 ஆண்டுகளைத் தொகுத்து அவர் தனி நூலும் எழுதியுள்ளார்.

தொகுத்தலும் சரிபார்த்தலும்

ஆண்டேடு என்பது கட்டுரைத் தொகுதி அன்று. ஓராண்டில் நிகழ்ந்த முதல்தரப் போட்டிகளின் முழுக்கணக்கு, நெடுங்காலச் சாதனைப் பட்டியல், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் பற்றிய மதிப்பீடு ஆகியன அதன் உறுப்புகள். இங்கிலாந்தில் 1864 முதல் வெளிவரும் விஸ்டன் ஆண்டேடு இதற்கு முன்மாதிரி. ஆண்டுதோறும் ஐந்து ஆட்டக்காரரைத் தேர்ந்து சிறப்பிக்கும் வழக்கத்தையும் இந்திய ஆண்டேடு மேற்கொண்டது.

முன்மாதிரி அயலதாயினும் பணி எளிதன்று. நாளிதழில் வரும் ஆட்டக்கணக்கு மறுநாளே மறக்கப்படும். பிழை இருந்தால் யாரும் பெரிதாகக் கொள்வதில்லை. ஆண்டேட்டில் ஏறிய பிழையோ பின்வரும் அனைத்து நூல்களிலும் தொடரும். எனவே தொகுப்பாசிரியரின் முதற்கடமை சரிபார்த்தல் ஆகின்றது.

ஆட்டக்கணக்கு தனக்குள்ளேயே ஒரு சோதனை முறையைக் கொண்டுள்ளது. மட்டையாளர்கள் எடுத்த ஓட்டங்களோடு உதிரி ஓட்டங்களைக் கூட்டினால் அணியின் மொத்த ஓட்டம் கிடைக்க வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு உதிரி ஓட்டங்களைக் கூட்டினாலும் அதே தொகை வர வேண்டும். அக்காலத்தில் அகலப் பந்துகளும் நோபால்களும் உதிரியாகவே கொள்ளப்பட்டன. பந்துவீச்சாளர் கணக்கில் அவை சேர்க்கப்படவில்லை. ஆதலின் மட்டையாளர் பத்தியின் கூட்டுத்தொகையும் பந்துவீச்சாளர் பத்தியின் கூட்டுத்தொகையும் ஒன்றாதல் வேண்டும். அவ்வாறே விழுந்த விக்கெட்டுகளின் எண்ணிக்கையிலிருந்து ஓடும்போது ஆட்டமிழந்தோரைக் கழித்தால், பெரும்பாலும் பந்துவீச்சாளர் பெயரில் ஏறிய விக்கெட்டுகளின் எண்ணிக்கை கிடைக்கும். இவை பொருந்தாவிடில் எங்கோ பிழை உள்ளது என்பது உறுதி.

பிழை உள்ளது என்பதைக் கணக்குக் காட்டும். எங்கு உள்ளது என்பதைக் காட்டாது. அதனைக் கண்டறிய வேறு மூலங்களைத் தேட வேண்டும். இரு நாளிதழ்கள் இருவகையாகக் கணக்குத் தந்தால் எதனைக் கொள்வது என்னும் சிக்கல் எழும். சுவடிப் பதிப்பாசிரியர் எதிர்கொள்ளும் பாடவேறுபாட்டுச் சிக்கலோடு இது ஒப்புமை உடையது. யாப்பு பிறழ்ந்தவிடத்தில் பாடம் சிதைந்துள்ளது எனப் பதிப்பாசிரியர் உணர்கிறார். சரியான பாடத்தைத் தேர வேறு சுவடிகளை நாடுகிறார். தளை தட்டுவதும் கூட்டுத்தொகை தட்டுவதும் ஒரேவகை எச்சரிக்கைகளே.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த ஆட்டத்தை முதல்தர ஆட்டமாகக் கொள்வது, எதனை விடுப்பது என்பது தொகுப்பாசிரியர் முன்னுள்ள தெரிவு. எட்டுத்தொகையைத் தொகுத்தோர் அடியளவைக் கொண்டு அகப்பாடல்களைப் பகுத்தனர். அளவுகோல் மாறின் நூலும் மாறும். அதுபோலவே கிரிக்கெட்டில் ஓர் ஆட்டத்தைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஓர் ஆட்டக்காரரின் வாழ்நாள் கணக்கையே மாற்றிவிடும். தொகுப்பு நடுநிலையானது போலத் தோன்றினும் அதனுள் திறனாய்வு மறைந்துள்ளது என்பது இதனால் பெறப்படும்.

பதிவு தரும் நீதி

இத்தகைய பதிவினால் விளையும் பயன் யாது? ராம்சிங்கின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. சென்னைக்காக மட்டையாலும் சுழற்பந்தாலும் பல்லாண்டு சிறந்து விளங்கிய அவர் ஒரு டெஸ்ட் போட்டியிலும் ஆடவில்லை. தேர்வாளர் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை. அவருடைய மைந்தர்கள் கிருபால்சிங்கும் மில்காசிங்கும் பின்னாளில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினர். இன்று ராம்சிங்கைப் பற்றிப் பேசுவோர் அவரது ஆட்டத்தைக் கண்டவர் அல்லர். ரஞ்சிக் கோப்பையின் முதல்நாள் கணக்கு அச்சில் நின்றமையால்தான் அவர் பேசப்படுகிறார். தேர்வாளர் மறுத்த இடத்தை ஆவணம் வழங்கியது.

1952 பிப்ரவரி 10ஆம் நாள் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இங்கிலாந்தை ஓர் இன்னிங்சும் 8 ஓட்டங்களும் வேறுபாட்டில் வென்ற அப்போட்டியில் வினு மன்கட் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1954–55இல் பாலு அழகண்ணன் தலைமையில் சென்னை அணி ஹோல்கர் அணியை இந்தூரில் வென்று முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையைக் கைப்பற்றியது. 1952–53 முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் போட்டி நடைபெறலாயிற்று. அதற்குப் பெயர் தந்த எம். ஜே. கோபாலன் ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். இந்நிகழ்வுகள் யாவும் குருநாதனின் பணிக்காலத்தில் நிகழ்ந்தவை. தமிழகக் கிரிக்கெட்டின் பொற்காலம் எனத்தக்க இப்பகுதிக்கு அருகிலிருந்து எழுதியவர் ஒருவர் வாய்த்தமை அந்நகரம் பெற்ற பேறு.

பதிவின் எல்லைகள்

ஆயினும் குருநாதனின் பணியைப் பாராட்டும்போதே அதன் எல்லைகளையும் சுட்டுதல் திறனாய்வின் கடமை. ஆண்டேடு முதல்தர ஆட்டத்தின் நூல். கழகங்களில் இடம்பெறாதவர், மாவட்டத் திடல்களில் ஆடியவர், தெருவில் ஆடியவர் அதனுள் வரார். மகளிர் கிரிக்கெட்டுக்கு இந்தியாவில் 1973இல்தான் சங்கம் அமைந்தது. அதன் தொடக்கக்கால ஆட்டங்களின் கணக்குகளைத் தேடுவோர் இன்றும் இடர்ப்படுகின்றனர். எண்கள் ஒருவர் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று சொல்லும். ஏன் அவருக்கு அடுத்த ஆட்டத்தில் வாய்ப்பளிக்கப்படவில்லை என்று சொல்லா. சாதி, வகுப்பு, பணிவாய்ப்பு ஆகியன ஆட்டத்தில் செலுத்திய ஆட்சி எப்பட்டியலிலும் தெரிவதில்லை.

பல்வங்கர் பாலு என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சார்ந்த பந்துவீச்சாளரின் வாழ்வை இராமச்சந்திர குகா 2002இல் வெளியான தம் கிரிக்கெட் வரலாற்று நூலில் விரிவாக எடுத்துரைத்தார். பழைய நாளிதழ்களின் செய்திகளே அதற்குப் பெரிதும் துணைசெய்தன. ஆட்டக்கணக்கு மட்டுமே எஞ்சியிருப்பின் பாலு பெற்ற விக்கெட்டுகள் தெரிந்திருக்கும். அவர் பட்ட இழிவு தெரிந்திராது. கணக்கும் வேண்டும், அதனைச் சூழ்ந்த எழுத்தும் வேண்டும் என்பது இதனால் விளங்கும். குருநாதன் முதலாவதற்கு உறுதியான அடித்தளம் அமைத்தார். இரண்டாவது பின்வந்தோர்க்கு விடப்பட்டது.

சென்னையில் அப்பணியை மேற்கொண்டோரும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினர். பி. என். சுந்தரேசன் குருநாதனுக்குப்பின் ஆண்டேட்டைத் தொடர்ந்தார். என். எஸ். இராமசாமி கிரிக்கெட்டோடு தமிழக வரலாறும் எழுதினார். ஹைதராபாத்துக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடிய வி. இராம்நாராயண் தமிழகக் கிரிக்கெட்டின் வரலாற்றை 2002இல் நூலாக்கினார். இசை, நடன இதழான ‘சுருதி’யின் ஆசிரியராகவும் விளங்கினார். கச்சேரித் திறனாய்வும் கிரிக்கெட் திறனாய்வும் ஒரே நகரில், சில வேளைகளில் ஒரே கையில் வளர்ந்தமை தனித்து ஆராயத்தக்கது. இசைத் திறனாய்வுக்குத் தமிழில் கல்கி வாய்த்தார். கிரிக்கெட்டுக்கு அத்தகையவர் வாய்க்கவில்லை.

தில்லியிலிருந்து ஓர் ஒப்புநோக்கு

தென் தில்லியில் முனிர்கா, இராமகிருஷ்ணபுரம் ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பலகாலமாக வாழ்ந்து வருகின்றன. முனிர்காவை அடுத்துள்ள சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பயிலவரும் தமிழ் மாணவர் பலர் இப்பகுதியிலேயே அறையெடுத்துத் தங்குகின்றனர். இங்கு வாழும் தமிழர் கிரிக்கெட்டை ஆங்கிலத்தில் படித்து, இந்தியில் கேட்டு, தமிழில் பேசுகின்றனர். ஒரே ஆட்டம் மூன்று மொழிகளில் வாழ்வதை அன்றாடம் காணக்கூடிய இடம் இது. இவ்விடத்திலிருந்து நோக்கும்போது தமிழின் நிலை இந்தியின் நிலையோடு ஒப்பிட்டுத் தெளிவாகிறது.

இந்தி நாளிதழான ‘ஜனசத்தா’ 1983இல் தில்லியில் தொடங்கப்பட்டது. அதன் நிறுவன ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி. அரசியல் எழுத்தில் பெயர்பெற்ற அவர் கிரிக்கெட்டையும் அதே ஈடுபாட்டோடு எழுதினார். நாளிதழ் ஆசிரியர் ஒருவர் கிரிக்கெட்டைத் தமக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டு, பேச்சுவழக்கின் உயிர்ப்பு மிக்க இந்தி நடையில் எழுதியபோது, அம்மொழியின் உரைநடைக்கே புதியதொரு பொருட்பரப்பு கிடைத்தது. 2009 நவம்பர் 5ஆம் நாள் ஹைதராபாத்தில் ஆத்திரேலியாவுக்கு எதிராகச் சச்சின் தெண்டுல்கர் 175 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 3 ஓட்டங்களில் தோற்றது. அவ்வாட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்ட அன்றிரவே ஜோஷி மாரடைப்பால் காலமானார்.

குருநாதனும் ஜோஷியும் இருவேறு வகையினர். முன்னவர் விளையாட்டுத் துறையிலேயே நின்று அதன் ஆவணத்தை ஆங்கிலத்தில் அமைத்தவர். பின்னவர் பொதுத்துறை ஆசிரியர். விளையாட்டைத் தாய்மொழியின் கட்டுரைப் பொருளாக்கியவர். ஒருவரிடம் செம்மை, மற்றவரிடம் வேகம். ஒரு பண்பாட்டிற்கு இருவகையினரும் வேண்டும். தமிழகம் முதல்வகையினரைப் பெற்றும் அவர் எழுத்து தமிழில் அமையவில்லை. இரண்டாம் வகையில், தமிழ் நாளிதழ் ஆசிரியர் எவரும் கிரிக்கெட்டை அந்த அளவிற்குத் தம் எழுத்தின் மையமாகக் கொள்ளவில்லை.

தமிழில் கிடைப்பன

இவ்வாறு கூறுவதால் தமிழில் ஏதுமில்லை என்பது பொருளன்று. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) நாவலில் சிகந்தராபாத்தில் வளரும் சந்திரசேகரனின் உலகில் கிரிக்கெட் முக்கிய இடம் பெறுகிறது. நாடு பிரிவினையை நோக்கிச் செல்லும் காலத்தில் வெவ்வேறு சமயத்து இளைஞர் ஒரு திடலில் கூடுவதும் விலகுவதும் அந்நாவலில் ஆட்டத்தின் வழியே உணர்த்தப்படுகின்றன. ஐங்கோணப் போட்டி எதனைப் பிரித்ததோ, அதனையே ஒரு சிறுவனின் அனுபவமாக இந்நாவல் காட்டுகிறது. திரைப்படத்தில் ‘சென்னை 600028’ (2007), ‘ஜீவா’ (2014), ‘கனா’ (2018), ‘லப்பர் பந்து’ (2024) ஆகியவை ஆண்டேடுகள் காணாத தெருவையும் சாதியையும் பெண்ணையும் கிரிக்கெட்டினூடே கண்டன. ஆவணம் விட்ட இடத்தைப் புனைவு நிரப்ப முயன்றது எனலாம்.

வானொலியின் பங்கும் பெரிது. அப்துல் ஜப்பார், கூத்தபிரான் முதலானோர் தமிழில் நேர்முக வர்ணனை செய்தனர். கண்முன் நிகழும் ஆட்டத்தைக் காணாதவர்க்குச் சொல்ல வேண்டிய நெருக்கடியில், தொடரை நீட்டவும் சுருக்கவும் வினைமுற்றை இறுதிவரை நிறுத்திவைக்கவும் அவர்கள் வழிகண்டனர். தமிழ்த்தொடரில் வினை இறுதியில் வருவது வர்ணனைக்கு இடர் எனக் கருதலாம். உண்மையில் அது துணையாயிற்று. பந்து உயர்ந்தது, ஆட்டக்காரர் ஓடுகிறார், கையை நீட்டுகிறார் என்று அடுக்கி, பிடித்தாரா விட்டாரா என்பதைக் கடைசிச் சொல்லில் வைக்கும் இயல்பு இம்மொழிக்கு உண்டு. 2017இல் தமிழுக்கெனத் தனி விளையாட்டுத் தொலைக்காட்சி அலைவரிசை வந்தபின் வர்ணனை பெருகியுள்ளது. முன்னோரின் வர்ணனைகளோ முறையாகத் தொகுக்கப்படவில்லை. அப்துல் ஜப்பார் 2020இல் மறைந்தார்.

சொல்வளத்திலும் குறை இல்லை. ஈழத்தமிழ் இதழ்கள் கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்றும் மட்டையாளரைத் துடுப்பாட்ட வீரர் என்றும் ரன்னை ஓட்டம் என்றும் வழங்கி ஒரு சீரான கலைச்சொல் மரபை உருவாக்கியுள்ளன. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் ‘வடக்கின் பெரும்போர்’ அம்மண்ணின் சமூக நிகழ்வு. தமிழ்நாட்டு இதழ்கள் ரன், விக்கெட், பேட்ஸ்மேன் எனக் கடன்சொற்களைப் பெரிதும் ஏற்று, வினைகளைத் தமிழில் அமைத்தன: வெட்டினார், தூக்கியடித்தார், தடுத்தாடினார், சுருண்டது. ‘ஆட்டமிழந்தார்’ என்பது இருகரைக்கும் பொதுவான சொல். வெளியேற்றப்பட்டதை ஓர் இழப்பாகக் கூறும் இச்சொல்லாட்சி எப்போது, எந்த இதழில் முதலில் வழங்கியது என்பதை இன்று சான்றுடன் கூற வழியில்லாத நிலை உள்ளது. காலமுறைப்படி அமைந்த சொல்லடைவு ஒன்று இருந்தால் இவ்வினாவிற்குச் சில மணித்துளிகளில் விடை கிடைக்கும். ஆவணமின்மையால் மொழி வரலாறு இழப்பது என்ன என்பதற்கு இவ்வொரு சொல்லே போதிய சான்று.

செய்யத்தக்கன

‘இந்தியன் கிரிக்கெட்’ ஆண்டேடு 2000களின் முற்பகுதியுடன் நின்றது. இணையத்தில் கணக்குகள் உடனுக்குடன் கிடைக்கும் காலத்தில் அச்சு ஆண்டேட்டிற்குத் தேவை குறைந்தது உண்மை. ஆனால் இணையத்தில் இன்று நாம் காணும் பழைய ரஞ்சிக் கணக்குகளின் நம்பகத்தன்மை, ஆண்டேட்டிலும் நாளிதழிலும் அன்று அவற்றைச் சரிபார்த்துப் பதிந்தவர்களின் உழைப்பையே சார்ந்துள்ளது. பெயர் மறைந்தாலும் பணி நிற்கிறது.

தமிழாய்வுலகம் இதிலிருந்து மேற்கொள்ளத்தக்க பணிகள் மூன்று. முதலாவது, சுதேசமித்திரன், தினமணி, தினத்தந்தி முதலிய நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களுக்கு ஓர் அடைவு உருவாக்குதல். செய்தித்தாளில் உள்ள அமிலம் தாளை நாள்தோறும் அரித்து வருவதால் இப்பணியைத் தள்ளிப்போட இயலாது. இரண்டாவது, வானொலி வர்ணனைகளின் ஒலிப்பதிவுகளைத் தனியாரிடமிருந்தும் நிலையங்களிலிருந்தும் திரட்டி எழுத்துப்பெயர்ப்புச் செய்தல். மூன்றாவது, தமிழ்நாடு, இலங்கை ஆகிய இருநிலத்து விளையாட்டுச் சொற்களைக் காலவரிசையில் சான்றுடன் தொகுத்தல். இம்மூன்றும் முனைவர் பட்ட ஆய்வுக்குரிய களங்களே. மாவட்டந்தோறும் உள்ள கல்லூரி மாணவர் தத்தம் ஊர்த்திடலின் வரலாற்றைத் திரட்டினால் முதல்தர ஆட்டத்திற்கு வெளியே நின்றோரின் பெயர்களும் கிடைக்கும். குருநாதனின் ஆண்டேடு எட்டாத இடம் அது.

முடிவுரை

குருநாதனின் பணியிலிருந்து பெறப்படுவனவற்றைத் தொகுத்துக் கூறலாம். அவர் அமைத்த ஆண்டேடு சமயவழிப் பகுப்பு ஓய்ந்த வேளையில் வட்டாரவழி ஆட்டத்திற்கு நிலைத்த ஆவணமாயிற்று. தொகுத்தல், சரிபார்த்தல், தெரிவுசெய்தல் என்னும் அவரது செயல்முறை சுவடிப் பதிப்புமுறையோடு நெருங்கிய ஒப்புமை உடையது. தேர்வாளரால் கைவிடப்பட்டோர்க்கு அது பின்னாளில் நீதி வழங்கியது. களத்திற்கே வர இயலாதவர்க்கு அதனால் வழங்க இயலவில்லை. அப்பணி ஆங்கிலத்தில் நிகழ்ந்தமையால் தமிழ் உரைநடைக்கும் சொல்வரலாற்றுக்கும் கிடைத்திருக்க வேண்டிய பயன் கிடைக்கவில்லை.

தமிழில் கிரிக்கெட் பேசப்படாத தெரு இன்று இல்லை. அப்பேச்சை நாளையோர் அறிய வேண்டுமாயின் அதனை இன்று யாரேனும் பொறுமையுடன் எழுதி, கூட்டிப் பார்த்து, பிழை நீக்கிப் பாதுகாக்க வேண்டும். பெருங்கதையின் பந்தடிக் கணக்கைச் சுவடியிலிருந்து மீட்டெடுத்த பதிப்பு மரபுக்கு உரியவர்கள் தமிழ்த்துறையினர். அம்மரபு சேப்பாக்கத்தின் கணக்கையும் தன் எல்லைக்குள் கொள்ளுதல் தகும்.